வூட்டன் பாசெட், 2015: சிவப்பைத் தாண்டிய நீராவி ரயில்

2015 மார்ச் 7, சனிக்கிழமை. பிரிஸ்டல் டெம்பிள் மீட்ஸிலிருந்து மாலை 4.35க்குச் சவுத்எண்ட் கிளம்பிய சுற்றுலா ரயில் ஒன்று, 5.25 வாக்கில் இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் உள்ள வூட்டன் பாசெட் சந்திப்பை நெருங்கியது. ரயிலை இழுத்தது ‘டாங்மியர்’ என்ற 34067ஆம் எண் நீராவி இன்ஜின். 1947இல் பிரைட்டன் பணிமனையில் கட்டியது. பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரும் 13 பெட்டிகளும். சந்திப்புக்கு முன்னிருந்த எஸ்.என். 45 சிக்னல் சிவப்பில் இருந்தது. ரயில் அதைத் தாண்டிப் போய், சந்திப்பின் குறுக்கே தண்டவாளங்களை மறித்துக்கொண்டு நின்றது.

யாருக்கும் காயமில்லை. ஒரு பெட்டிகூடத் தடம் புரளவில்லை. தண்டவாளத்துக்கோ, ரயிலைத் தடம் மாற்றிவிடும் பாயிண்டுக்கோ சேதமில்லை. ஆனாலும் பிரிட்டனின் முதன்மைப் பாதைகளில் நீராவி ரயில் ஓட்டுவது என்ற தொழிலையே உலுக்கிய நிகழ்வு இது. பழைய இன்ஜினை இன்றைய ரயில்பாதையில் ஓட்டுவதில் உண்மையான சிக்கல் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், கொதிகலன் வெடித்த கதைகளை விட்டுவிட்டு இந்த நிகழ்வைப் பற்றிய விசாரணை அறிக்கையைத்தான் படிக்கச் சொல்வேன்.

முதலில் இடம். பாத், சிப்பனம் வழியாக வரும் பிரிஸ்டல் பாதையும், தெற்கு வேல்ஸிலிருந்து பாட்மின்டன் வழியாக வரும் பாதையும் வூட்டன் பாசெட்டில் ஒன்றுசேர்ந்து ஸ்விண்டன் வழியாக லண்டனுக்குப் போகின்றன. அதிவேக ரயில்கள் வேகம் குறைக்காமல் கடக்கும் சந்திப்பு. அன்று எஸ்.என். 45 சிவப்பில் இருந்ததற்குக் காரணம், ஸ்வான்சியிலிருந்து லண்டனின் பாடிங்டன் நிலையத்துக்குப் போகும் அதிவேக ரயில் ஒன்றுக்கு முதலில் வழி கொடுத்திருந்தார்கள். நீராவி ரயில் சிக்னலைத் தாண்டிய நேரத்தில் அந்த ரயில் சந்திப்பைக் கடந்து போய்விட்டது. அடுத்து நீராவி ரயில்தான் போக வேண்டும் என்பதால் பாயிண்டுகளும் அதற்கேற்பத் திரும்பிவிட்டன. சேதம் ஏற்படாததற்கு இந்த இரண்டும்தான் காரணம். ஓட்டியவர்களின் கைவண்ணம் அதில் எதுவும் இல்லை.

இன்ஜினில் என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள, பிரிட்டிஷ் ரயில்களில் உள்ள இரண்டு பாதுகாப்புக் கருவிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று ஏ.டபிள்யூ.எஸ். எனப்படும் தானியங்கி எச்சரிக்கை முறை. சிக்னலுக்குச் சற்று முன்னால் தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு காந்தம் இருக்கும். சிக்னல் பச்சை என்றால் டிரைவரின் அறையில் மணி ஒலிக்கும். மஞ்சளோ சிவப்போ என்றால் ஹாரன் அலறும். டிரைவர் உடனே ஒரு பொத்தானை அழுத்தி, கேட்டேன் என்று காட்ட வேண்டும். அழுத்தாவிட்டால் பிரேக் தானாகப் பிடிக்கும். தற்காலிக வேகக் கட்டுப்பாடு உள்ள இடங்களுக்கு முன்பும் இதே போன்ற காந்தத்தை வைப்பார்கள். 1952இல் ஹாரோவில் 112 பேரைப் பலி கொண்ட விபத்துக்குப் பிறகு பரவலான கருவி இது. அந்த விபத்தில் மோதிக்கொண்டவை நீராவி ரயில்கள்தான்.

இதன் குறை வெளிப்படை. பொத்தானை அழுத்திவிட்டு டிரைவர் அதே வேகத்தில் போனாலும் கருவி ஒன்றும் செய்யாது. அந்தக் குறையை ஈடுகட்ட வந்தது டி.பி.டபிள்யூ.எஸ். சிவப்பு சிக்னலை ரயில் அளவுக்கு மீறிய வேகத்தில் நெருங்கினாலோ, சிக்னலையே தாண்டினாலோ, டிரைவரைக் கேட்காமல் பிரேக்கைப் போட்டுவிடும். 1999ஆம் ஆண்டின் ரயில்வே பாதுகாப்பு விதிகள் இதைக் கட்டாயமாக்கின. முதன்மைப் பாதையில் ஓடுவதென்றால் 1947இல் பிறந்த இன்ஜினுக்கும் விலக்கு இல்லை.

இனி அந்தச் சில நிமிடங்கள்.

சந்திப்புக்கு முன்னால் மணிக்கு 85 மைல் என்ற தற்காலிக வேகக் கட்டுப்பாடு ஒன்று இருந்தது. அதாவது 137 கிலோமீட்டர். ‘டாங்மியர்’ அப்போது ஓடிக்கொண்டிருந்ததோ 59 மைல் வேகத்தில், சுமார் 95 கிலோமீட்டர். பிரிட்டனில் நீராவி ரயில்களின் வழக்கமான உச்சவரம்பே 75 மைல்தான். ஆக, அந்தக் கட்டுப்பாட்டுக்கும் இந்த ரயிலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் தண்டவாளத்தில் கிடக்கும் காந்தத்துக்கு மேலே போவது எந்த ரயில் என்று தெரியாது. ஹாரன் ஒலித்தது. 2.7 விநாடிக்குள் பொத்தான் அழுத்தப்படவில்லை. அந்த வேகத்தில் 2.7 விநாடி என்பது ஏறக்குறைய 70 மீட்டர் தூரம். பிரேக் தானாகப் பிடித்தது.

இங்கே விதி தெளிவானது. ரயில் முழுதாக நிற்க வேண்டும். டிரைவர் உடனே சிக்னல் கட்டுப்பாட்டு அறையைத் தொடர்புகொண்டு நடந்ததைச் சொல்ல வேண்டும். பிறகுதான் கிளம்பலாம்.

டிரைவரும், நெருப்பைக் கவனிக்கும் ஃபயர்மேனும் அப்படிச் செய்யவில்லை. பிரேக் பிடித்ததை ஒரு செயலால் நீக்கினார்கள். வேகத்தில் சுமார் 8 மைல் மட்டும் குறைந்ததோடு சரி, ரயில் நிற்காமல் ஓடியது. அவர்கள் தொட்டது ஐசொலேட்டிங் காக். பாதுகாப்புக் கருவிக்கும் ரயிலின் பிரேக் குழாய்க்கும் உள்ள தொடர்பைத் துண்டிக்கும் திருகு. கருவி பழுதானால், சிக்னல் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிட்டுப் பயன்படுத்துவதற்காக இருப்பது. அதைத் திருகிவிட்டால் கருவியின் ஓசைகள் நின்றுவிடுவதில்லை. ஹாரன் ஒலிக்கும், பொத்தான் வேலை செய்யும். பிரேக் மட்டும் பிடிக்காது. கருவி உயிரோடு இருப்பது போலவே தோன்றும் என்பதுதான் இதில் கொடுமை.

அடுத்து வந்த எஸ்.என். 43 சிக்னல் மஞ்சள். ஹாரன் ஒலித்தது, டிரைவர் பொத்தானை அழுத்தினார். ஆனால் அடுத்த சிக்னலில் நிற்கும் அளவுக்கு வேகத்தைக் குறைக்கவில்லை. எஸ்.என். 45இல் இருந்த டி.பி.டபிள்யூ.எஸ். கருவி, ரயில் வேகமாக வருகிறது என்று கண்டபோதும், சிக்னலைத் தாண்டியபோதும் பிரேக் கேட்டிருக்கும். கேட்டாலும் பயனில்லை, வழிதான் அடைபட்டிருந்ததே. சிவப்பைக் கண்ணால் கண்டபிறகு டிரைவர் பிரேக்கை முழுதாகப் போட்டார். சந்திப்புக்கு முன் நிறுத்தத் தேவையான தூரம் அப்போது மிச்சமில்லை.

வூட்டன் பாசெட் பற்றிப் பேசுகிறவர்களில் பாதிப்பேர் டிரைவரைத் திட்டிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். அவர் செய்தது தவறு, நீதிமன்றத்தில் அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் அதோடு நிறுத்தினால் இந்த நிகழ்விலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது பாதி கைநழுவிவிடும்.

நீராவி இன்ஜினின் ஓட்டும் மேடை எப்படி இருக்கும்? அனல், புகை, கரித்தூள், காதடைக்கும் சத்தம். ‘டாங்மியர்’ போன்ற இன்ஜின்களில் நீளமான கொதிகலன் முன்னால் மறிக்க, பக்கவாட்டு ஜன்னல் வழியாகத்தான் சிக்னலைத் தேட வேண்டும். தகடு போர்த்திய இந்த வகை இன்ஜின்களில் புகை கீழிறங்கிப் பார்வையை மறைக்கும் என்பது அவை கட்டப்பட்ட காலத்திலிருந்தே உள்ள புகார். டீசல் இன்ஜினில் டிரைவரின் கண்ணுக்கும் கைக்கும் ஏற்ற இடத்தில் எச்சரிக்கைக் கருவி அமைந்திருக்கும். நீராவி இன்ஜினில் அதைப் பிற்காலத்தில் கிடைத்த இடத்தில் பொருத்த வேண்டும். நீராவி அழுத்தம், தண்ணீர் மட்டம், நெருப்பு ஆகியவற்றின் மேல் எந்நேரமும் கண் வைத்திருக்கும் இரண்டு பேருக்கு, ஹாரன் என்பது வெளியிலிருந்து வந்து குறுக்கிடுகிற ஒன்றாக ஆகிவிடுவது எளிது.

இன்னொரு நெருக்கடி கால அட்டவணை. சுற்றுலா ரயிலுக்குக் கிடைப்பது அதிவேக ரயில்களுக்கு இடையே ஒரு சிறு இடைவெளி. நடுப்பாதையில் நின்றால் 13 பெட்டிகளோடு மறுபடி வேகமெடுக்க நேரமாகும், பின்னால் வரும் ரயில்கள் தேங்கும். பிரிட்டனில் ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் யார் பொறுப்பு என்று கணக்கெழுதிக் காசு வாங்குவார்கள். தனக்குச் சம்பந்தமே இல்லாத 85 மைல் கட்டுப்பாட்டுக்காகவா முழு ரயிலையும் நிறுத்துவது என்று மனம் சொல்லும். சொன்னாலும் நிறுத்தும் பழக்கத்தை உண்டாக்குவது நிறுவனத்தின் வேலை. பயிற்சி, கண்காணிப்பு, அந்தத் திருகைத் தொட்டால் தெரிந்துவிடும் முத்திரை, கருவியில் பதிவாவதை எடுத்துப் பார்க்கும் வழக்கம் எல்லாம் அதற்குத்தான்.

இதே பாதையில் இதற்கு முன்னுதாரணமும் உண்டு. 1997 செப்டம்பர் 19 அன்று ஸ்வான்சியிலிருந்து பாடிங்டன் போன அதிவேக ரயில், சவுத்தாலில் சிவப்பைத் தாண்டிச் சரக்கு ரயிலில் மோதியது. 7 பேர் இறந்தார்கள். அந்த ரயிலில் ஏ.டபிள்யூ.எஸ். பழுதாகித் துண்டிக்கப்பட்டிருந்தது. அது நவீன டீசல் ரயில், நீராவி அல்ல. துண்டித்த கருவியோடு ஓடுவது என்ன செய்யும் என்று கிரேட் வெஸ்டர்ன் எனப்படும் இந்தப் பாதைக்கு 18 வருடங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

பின்விளைவுகள் வேகமாக வந்தன. ரயிலை இயக்கியது வெஸ்ட் கோஸ்ட் ரயில்வேஸ் நிறுவனம். பிரிட்டனின் முதன்மைப் பாதைகளில் நீராவிச் சுற்றுலா ரயில் இயக்குவதில் மிகப் பெரியது அதுதான். ஏப்ரல் தொடக்கத்தில் தண்டவாளத்தின் உரிமையாளரான நெட்வொர்க் ரெயில் அந்த நிறுவனத்துக்குப் பாதையில் ஓடும் அனுமதியையே நிறுத்திவைத்தது. மே மாதம் அனுமதி திரும்பியது. அக்டோபரில் டான்காஸ்டரில் அதே நிறுவனத்தின் நீராவி இன்ஜின் ஒன்றில் ஊழியர்கள் டி.பி.டபிள்யூ.எஸ். கருவியை மறுபடியும் துண்டித்தார்கள். மார்ச்சில் நடந்ததைவிட எனக்கு இதுதான் அதிர்ச்சி. நாடே பார்த்துக்கொண்டிருந்த வருடத்தில், அனுமதி பறிபோய்த் திரும்பி ஐந்து மாதத்தில்! நவம்பரில் ரயில்வே ஒழுங்குமுறை ஆணையமான ஓ.ஆர்.ஆர்., அந்த நிறுவனம் நீராவி ரயில்களை முதன்மைப் பாதையில் இயக்கவே தடை விதித்தது. அந்தத் தடை பிறகு நீங்கியது.

2016 ஜூனில் ஸ்விண்டன் கிரவுன் நீதிமன்றம் நிறுவனத்துக்கு 2 லட்சம் பவுண்ட் அபராதமும் 64 ஆயிரம் பவுண்ட் செலவுத்தொகையும் விதித்தது. டிரைவருக்கு நான்கு மாதச் சிறைத்தண்டனை. அதை நிறுத்திவைத்து, ஊதியமில்லாச் சமூகப் பணி செய்ய உத்தரவிட்டது.

கொதிகலனைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீராவி என்றதும் ஊரே பயப்படுவது கொதிகலனுக்குத்தான். 1995 ஜூனில் அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க்கில் ஒரு சுற்றுலா ரயிலின் கொதிகலனில் தண்ணீர் மட்டம் இறங்கி, இன்ஜினில் இருந்த மூவர் வெந்து காயமடைந்தது உண்மை. அதன் பிறகு அந்த நாட்டு விதிகள் திருத்தப்பட்டன. 1,472 நாள் ஓட்டம் அல்லது 15 வருடம், எது முதலில் வருகிறதோ, அதற்குள் கொதிகலனை முழுதாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கொதிகலனைப் புரிந்தவர்கள், ஆய்வு செய்கிறவர்கள், காப்பீட்டுக்காரர்கள் என்று அதைச் சுற்றி ஒரு நூற்றாண்டுக்கு மேலான ஒழுக்கம் இருக்கிறது. பிற்காலத்தில் ஒட்டவைத்த கருவியைச் சுற்றி அப்படி ஒரு மரபு தானாக வளரவில்லை. ஃபயர்மேனுக்கு, கொதிகலனின் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கண்ணாடியைக் கவனிக்காமல் இருப்பது நினைத்துப் பார்க்க முடியாத பாவம். ஐசொலேட்டிங் காக்குக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

நம் நீலகிரி மலை ரயிலை நினைத்துக்கொண்டு இதைப் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை 46 கிலோமீட்டரும் அந்த ரயிலின் சொந்தப் பாதை. பின்னாலிருந்து விரட்டும் அதிவேக ரயில் அங்கே கிடையாது. பிரிட்டனிலும் தனிப்பாதையில் 25 மைல் வேகத்தில் ஓடும் பாரம்பரிய ரயில்வேக்கள் ஏராளம். இந்தக் கட்டுரை பேசும் சிக்கல், பழைய இன்ஜினை அடுத்தவர் பாதையில், அடுத்தவர் அட்டவணையில் ஓட்டுகிறவர்களுடையது.

அடுத்தவர் பாதை என்பதால் வரும் மற்றத் தொல்லைகளையும் சுருக்கமாகச் சொல்லலாம். 1968 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ரயில்வே நீராவியை முடித்துக்கொண்டபோது தண்ணீர்த் தொட்டிகளும் நிலக்கரி மேடைகளும் படிப்படியாகப் போய்விட்டன. இப்போது இன்ஜினுக்குத் தண்ணீர் வேண்டுமானால் லாரி வர வேண்டும். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் இன்னொரு பிரச்சினை. 2016 பிப்ரவரியில் ‘ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்’ என்ற புகழ்பெற்ற நீராவி இன்ஜின் மறுபிறவி எடுத்து லண்டனிலிருந்து யார்க்குக் கிளம்பிய அன்று, படம் எடுக்கத் தண்டவாளத்தில் இறங்கிய கூட்டத்தால் ரயிலை நடுவழியில் நிறுத்த வேண்டியிருந்தது. 2024 ஜூனில் மெக்சிகோவின் நோபாலாவில், கனடாவிலிருந்து வந்த 2816 எண் நீராவி இன்ஜினோடு செல்ஃபி எடுக்கத் தண்டவாளத்தை ஒட்டிக் குனிந்திருந்த பெண் அடிபட்டு இறந்தார். இயக்குகிறவர்கள் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் இதைத் தனியாகத் தடுக்க முடியாது.

வேகம் வேறொரு தலைவலி. அதிவேக ரயில்களுக்கு நடுவே இடம் கிடைக்க வேண்டுமானால் வேகமாக ஓடிக்காட்ட வேண்டும். 2008இல் புதிதாகக் கட்டி முடித்த ‘டொர்னாடோ’ என்ற 60163 இன்ஜினுக்கு 90 மைல் வேகத்தில் பயணிகள் ரயில் இழுக்க அனுமதி வாங்கினார்கள். 2018 ஏப்ரல் 14 அன்று அந்த வேகத்துக்கென ஏற்பாடான ரயிலிலேயே சாண்டி அருகே, சிலிண்டருக்குள் நீராவி போய்வருவதை ஒழுங்குபடுத்தும் உட்புற வால்வு கியர் உடைந்து இன்ஜின் நின்றுபோனது. முதன்மைப் பாதையில் நின்ற ஒரு ரயில் அன்று எத்தனை ரயில்களைத் தாமதப்படுத்தியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வூட்டன் பாசெட்டுக்கு நேர்த் தொடர்ச்சியாக நான் பார்ப்பது கதவு விவகாரத்தை. டி.பி.டபிள்யூ.எஸ்.ஸைக் கட்டாயமாக்கிய அதே 1999 விதிகள், எல்லாக் கதவுகளையும் ஒரே இடத்திலிருந்து பூட்டும் மையப் பூட்டு இல்லாத கீல் கதவுப் பெட்டிகளையும் தடை செய்தன. சுற்றுலா ரயில்கள் விலக்கு வாங்கி, ஊழியர்களைக் கதவருகே நிறுத்தி ஓட்டிவந்தன. ஸ்காட்லாந்தில் ஃபோர்ட் வில்லியம் முதல் மாலெய்க் வரை, கிளென்ஃபின்னன் பாலத்தின் வழியாக ஓடும் ‘ஜேக்கபைட்’ ரயிலும் அப்படித்தான். அதை இயக்குவதும் வெஸ்ட் கோஸ்ட் ரயில்வேஸ். ஓ.ஆர்.ஆர். விலக்கை இனித் தர முடியாது என்றது. நிறுவனம் உயர் நீதிமன்றம் போய், 2023 டிசம்பரில் தோற்றது. 2024 வசந்தத்தில் ரயில் சில வாரம் நின்று, பிறகு மையப் பூட்டுள்ள பெட்டிகளோடு ஓடத் தொடங்கியது.

ஆட்களை நிறுத்திச் சமாளிக்கிறோம், இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பது நிறுவனத்தின் வாதம். பூட்டுப் பொருத்த ஆகும் செலவையும் அது பெரிதாகச் சொன்னது. செலவு உண்மைதான். ஆனால் மனிதக் கவனத்தை நம்பி இயந்திரத்தைத் தவிர்க்கும் வாதம், 2015க்குப் பிறகு இந்த நிறுவனத்தின் வாயிலிருந்து வரும்போது எப்படி எடுபடும்? ஓ.ஆர்.ஆர். கடுமையாக இருந்ததில் எனக்கு வியப்பில்லை.

இனி வருவதுதான் பெரிய கணக்கு. லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து வடக்கே போகும் கிழக்குக் கடற்கரைப் பாதையில், பாதையோர சிக்னல்களை எடுத்துவிட்டு, ஈ.டி.சி.எஸ். எனப்படும் ஐரோப்பிய ரயில் கட்டுப்பாட்டு முறையைக் கொண்டுவருகிறார்கள். சிக்னல் கம்பத்தில் இருக்காது, டிரைவர் முன்னுள்ள திரையில் தெரியும். எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்று ரேடியோ வழியாக அனுமதி வரும். கருவி பொருத்தாத இன்ஜினுக்கு அங்கே வேலையில்லை. இது வெறும் எச்சரிக்கை இல்லை, நடந்து காட்டிய உண்மை. வேல்ஸின் கேம்ப்ரியன் பாதையில் இந்த முறை 2011இல் வந்ததோடு கோடைக்கால நீராவி ரயில்கள் நின்றுபோயின.

நீராவி இன்ஜினில் இதைப் பொருத்துவது என்றால் என்ன? முதலில் மின்சாரம். தடுமாறாத, தொடர்ச்சியான மின்சாரம் வேண்டும். நீராவி டர்போ ஜெனரேட்டர் மட்டும் போதாது. பேட்டரி, மாற்று ஏற்பாடு எல்லாம் சேர வேண்டும். சக்கரத்தின் சுழற்சியை வைத்துக் கருவி வேகத்தையும் தூரத்தையும் கணக்கிடும், ஆனால் கிளம்பும்போது சக்கரம் வழுக்கிச் சுற்றுவது நீராவி இன்ஜினின் சுபாவம். அதைச் சமாளிக்க ரேடாரும் வேண்டும். தண்டவாளத்தில் உள்ள அடையாளப் பெட்டிகளைப் படிக்கும் ஆண்டெனாவை இன்ஜினின் அடியில், சாம்பலும் எண்ணெயும் கொட்டும் இடத்தில் தொங்கவிட வேண்டும். கணினியையும் திரையையும் அனலிலிருந்தும் அதிர்விலிருந்தும் காக்க வேண்டும். ‘டொர்னாடோ’வில் இத்தனையையும் பொருத்தி, அதே கேம்ப்ரியன் பாதையில் சோதனை ஓட்டமும் நடத்தியிருக்கிறார்கள். இன்ஜினின் பெரிய பராமரிப்போடு சேர்த்து, கிழக்குக் கடற்கரைப் பாதைத் திட்டத்தின் பணத்தில் நடந்த வேலை அது.

‘டொர்னாடோ’ 2008இல் பிறந்தது. மின்சார வசதிகளை மனதில் வைத்துக் கட்டியது. ‘டாங்மியர்’ வயதுள்ள இன்ஜின்களுக்கு ஒவ்வொன்றாக வரைபடம் போட்டு, இடம் தேடி, ஒப்புதல் வாங்க வேண்டும். வருடத்துக்குச் சில சுற்றுலா ஓடும் இன்ஜினின் உரிமையாளர்கள் எத்தனை பேரால் இந்தச் செலவைத் தாங்க முடியும்? கருவியுள்ள டீசல் இன்ஜினை முன்னால் போட்டு நீராவி இன்ஜினைப் பின்னால் ஓட்டலாம் என்று ஒரு யோசனை உண்டு. முன்னால் டீசல் போகும் ரயிலுக்கு யார் டிக்கெட் வாங்குவார்கள் என்பதை யோசனை சொல்கிறவர்கள் சொல்வதில்லை.

அமெரிக்காவில் இதே கேள்வி வேறு பெயரில். 2008இல் கலிஃபோர்னியாவின் சாட்ஸ்வொர்த்தில் 25 பேர் இறந்த மோதலுக்குப் பிறகு பி.டி.சி. என்ற தானியங்கித் தடுப்பு முறையைச் சட்டம் கட்டாயமாக்கியது. யூனியன் பசிஃபிக் ரயில் நிறுவனம் தனக்காக 1941இல் கட்டப்பட்ட 4014 எண் ‘பிக் பாய்’ நீராவி இன்ஜினை 2019இல் உயிர்ப்பித்து ஓட்டுகிறது. பாதையும் அதற்கே சொந்தம், பணமும் இருக்கிறது. இரண்டும் இல்லாத சிறு சங்கங்கள் அங்கேயும் பெரிய நிறுவனங்களின் பாதையை எட்டிப் பார்ப்பது அரிதாகிவிட்டது.